ஓவியத்தில் ஓடும் குதிரை

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் குதிரைப் பந்தய ஓவியம் ஒன்று இருக்கிறது. தியோடர் ஜெரிக்கோ என்ற பிரெஞ்சு ஓவியர் 1821ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எப்சம் பந்தயத்தை வைத்துத் தீட்டியது. கறுத்த வானம், பரந்த புல்வெளி, அதன்மேல் காற்றாய்ப் பறக்கும் நான்கு குதிரைகள். நான்கிற்கும் முன்னங்கால்கள் முன்னே நீண்டிருக்கின்றன. பின்னங்கால்கள் பின்னே நீண்டிருக்கின்றன. ஒரு குளம்பும் தரையில் இல்லை. பார்க்கும்போது நம் மூச்சும் ஒரு கணம் நின்றுவிடும். ஆனால் உலகில் எந்தக் குதிரையும் அப்படி ஓடியதில்லை, ஓடவும் முடியாது.

ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில், பிராடோ அருங்காட்சியகத்தில் இன்னொரு குதிரை இருக்கிறது. வெலாஸ்கெஸ் என்ற அரசவை ஓவியர் 1635ஆம் ஆண்டையொட்டி வரைந்தது. மன்னர் நான்காம் பிலிப் குதிரைமேல் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். குதிரை தன் பின்னங்கால்களை மடித்து, பாரம் முழுவதையும் அவற்றின்மேல் வாங்கிக்கொண்டு, முன்னங்கால்களை உயர்த்தி நிற்கிறது. இந்தக் குதிரையை இன்றைய பயிற்சியாளரிடம் காட்டினால், கால் வைப்பைப் பார்த்தவுடனே அதற்குரிய பெயரைச் சொல்லிவிடுவார். அவ்வளவு சரியாக வந்திருக்கிறது.

ஜெரிக்கோ குதிரையை அறியாதவர் அல்லர். அவர் பெரிய குதிரைப் பித்தர். குதிரையிலிருந்து விழுந்ததால் உண்டான காயங்களும் சேர்ந்துதான் 1824இல், 32ஆம் வயதில், அவருக்கு முடிவைக் கொண்டுவந்தன. அப்படிப்பட்டவர் வரைந்தது தவறாக அமைந்தது. அவருக்கு ஏறத்தாழ 185 ஆண்டுகள் முந்தியவர் வரைந்தது சரியாக அமைந்தது. இது ஏன்? கைத்திறனில் ஏற்றத்தாழ்வு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. விடை குதிரையின் காலிலும் நம் கண்ணிலும் இருக்கிறது.

கண் எங்கே ஏமாறுகிறது?

பந்தயக் குதிரை விநாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாய்ச்சலில் அது கடக்கும் தூரம் ஆறு, ஏழு மீட்டர். ஆகவே ஒரு பாய்ச்சலுக்கு ஆகும் நேரம் அரை விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்திற்குள் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்து எழ வேண்டும். பிறகு நான்கும் ஒருசேர அந்தரத்தில் இருக்கும் கணமும் வர வேண்டும். சுழலும் மின்விசிறியில் மூன்று இறக்கைகளையும் தனித்தனியே எண்ண முடிகிறதா? முடியாது. விநாடிக்கு 24 அசையாப் படங்களைக் காட்டினால் நம் கண் அதை ஓடும் சினிமாவாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அத்தகைய கண்ணுக்கு, பாயும் குதிரையின் கால்கள் கலங்கிய புகைபோலத்தான் தெரியும்.

நாம் இந்த ஓட்டத்தை 'நாலுகால் பாய்ச்சல்' என்கிறோம். பெயரிலேயே நான்கு கால்களும் சேர்ந்து பாய்வதாக ஒரு தோற்றம் இருக்கிறது. ஓவியர்களும் அப்படித்தான் எண்ணினர். குதிரை முழு வீச்சில் நீளும்போதுதான் அந்தரத்தில் மிதக்கிறது என்று கருதி, கால்களை இரு புறமும் நீட்டி வரைந்தனர். உண்மை இதற்கு நேர்மாறானது. குதிரை அந்தரத்தில் இருக்கும் கணத்தில் அதன் நான்கு கால்களும் வயிற்றுக்குக் கீழே கூடி மடங்கியிருக்கும். கால்களை நீட்டிய நிலையிலும் அந்தரத்தில் பறப்பவை உண்டு. கிரேஹவுண்ட் நாயும் சிவிங்கிப்புலியும் அப்படிப்பட்டவை. வளைந்து நிமிரும் முதுகெலும்பு அவற்றுக்கு உதவுகிறது. குதிரையின் முதுகு அவ்வளவு வளையாது.

உடற்கூற்றைப் படித்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது என்று தோன்றலாம். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியரைவிட அதை ஊன்றிப் படித்தவர் எவருமில்லை. அவர் 1756ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 18 மாதங்கள் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரின் பண்ணை வீடு ஒன்றில் தங்கினார். இறந்த குதிரைகளைக் கட்டித் தொங்கவிட்டு, தோல், தசை, நரம்பு, எலும்பு என அடுக்கடுக்காக அறுத்துப் பார்த்து வரைந்தார். அந்த நாற்றத்தை நினைத்துப் பாருங்கள்! அதன் பலனாக 1766இல் 'குதிரையின் உடற்கூறு' என்ற நூல் வெளிவந்தது. அதே ஸ்டப்ஸ் பந்தயக் குதிரை பாய்வதை வரைந்தபோது, அவருடைய குதிரைக்கும் கால்கள் இரு புறமும் நீண்டுவிட்டன. எலும்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மயிரிழையும் பிசகாமல் தெரியும். அரை விநாடிக்குள் அது எங்கே போய் வருகிறது என்பது தெரியவில்லை.

நின்று காட்டும் குதிரை

இனி வெலாஸ்கெஸின் குதிரைக்கு வருவோம். அது நிற்கும் நிலைக்கு 'லெவாட்' என்று பெயர். 'டிரசாஜ்' என்னும் குதிரைப் பயிற்சிக் கலையின் உயர்ந்த படிகளில் அது ஒன்று. டிரசாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழக்குதல் என்று பொருள். இன்று இது ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஒன்று. 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் கொண்ட களத்தில் குதிரை இசைக்கு ஆடுவதுபோல் அடி வைக்கும். மேலே இருப்பவர் எதுவும் செய்யாததுபோல் இருப்பார். 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் குழு இதில் தங்கப் பதக்கம் வென்றது. லெவாட் மட்டும் ஒலிம்பிக் களத்தில் இல்லை. அதைக் காண வியன்னா நகரின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே 1735இல் கட்டி முடித்த வெண்ணிற மண்டபத்தில் லிப்பிசானர் இனக் குதிரைகள் இன்றும் பயிற்சி பெறுகின்றன. பிறக்கும்போது கருமையாக இருந்து, வளர வளர வெளுக்கும் குதிரைகள் அவை. மண்டபத்தின் ஒரு கோடியில், குதிரைமேல் அமர்ந்த ஆறாம் சார்லஸ் பேரரசரின் ஓவியம் தொங்குகிறது. வீரர்கள் உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழற்றி அந்த ஓவியத்திற்கு வணக்கம் செலுத்துகின்றனர். ஓர் ஓவியத்திற்கு இத்தனை குதிரைகள் மரியாதை செய்யும் இடம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை!

லெவாட் நிலையில் குதிரையின் உடல் தரையோடு ஏறத்தாழ 35 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும். மிரண்டுபோன குதிரையும் இரண்டு கால்களில் எழும்பும். ஆனால் அது பின்னங்கால்களை நிமிர்த்திச் செங்குத்தாக எழும்பி, உடனே விழுந்துவிடும். லெவாட் அப்படியல்ல. பின்னங்கால்களின் மூட்டுகள் எல்லாம் நன்கு மடங்க, பின்புறம் தாழ, குதிரை மெதுவாக முன்பாகத்தை உயர்த்திச் சில விநாடிகள் சிலைபோல் நிற்கும்.

இது எப்படி முடிகிறது? சாதாரணமாக நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இருக்கிறது. தலையும் நீண்ட கழுத்தும் முன்னால் இருப்பதே காரணம். எனவே அதன் ஈர்ப்பு மையம் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுப் பகுதியில் இருக்கிறது. ஒரு பொருள் விழாமல் நிற்க வேண்டுமானால், ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அதன் ஆதாரத்திற்குள் விழ வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நாற்காலியில் அமர்ந்து கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, முன்னால் சாயாமல் எழுந்திருக்க முயன்று பாருங்கள். முடியாது. பாதங்களை உடலுக்குக் கீழே இழுத்துக்கொண்டால்தான் எழ முடியும். குதிரையும் அதைத்தான் செய்கிறது. பின்னங் குளம்புகளை வயிற்றுக்குக் கீழே வெகுதூரம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. பிறகு முன்பாகத்தை உயர்த்தி, மையத்தைப் பின்னால் கொண்டுவந்து அந்தக் குளம்புகளுக்கு நேர் மேலே நிறுத்துகிறது. தன் உடலோடு மேலே இருக்கும் மனிதரின் எடையையும் இரண்டு மடங்கிய கால்களில் தாங்குவது எளிதன்று. அதற்குரிய தசை வலிமை பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே வரும்.

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்குகிறது. பந்தயக் குதிரை ஓவியருக்குக் காட்டுவது விநாடியில் சிறு பின்னம். லெவாட் குதிரை காட்டுவது முழுச் சில விநாடிகள். கேட்டால் மறுபடியும் காட்டும். வெலாஸ்கெஸுக்குப் பார்க்க நேரம் கிடைத்தது. அப்படியும் முதல் முயற்சியிலேயே அவருக்கு அமைந்துவிடவில்லை. அந்த ஓவியத்தை உற்று நோக்கினால், குதிரையின் பின்னங்கால்களுக்கும் வாலுக்கும் அருகில், முதலில் வரைந்து பின்பு மாற்றிய வண்ணத் தடங்கள் மேற்பூச்சினூடே தெரிகின்றன. எடையைத் தாங்கும் அந்தக் கால்களைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

ஓவியத்தில் நிற்க வைத்ததை உலோகத்தில் நிற்க வைக்கவும் மன்னர் ஆசைப்பட்டார். அது பெரிய தலைவலியாயிற்று. முன்னங்கால்களைத் தூக்கிய குதிரைச் சிலையை வார்க்கும் எண்ணம் லியனார்டோ டா வின்சிக்கே மிலான் நகரில் இருந்தது. பிறகு அவர் அதைக் கைவிட்டு நடக்கும் குதிரைக்கு மாறினார். பிளாரன்ஸ் நகரச் சிற்பி பியத்ரோ டாக்கா 1640இல் அதைச் செய்து முடித்தார். பின்பாகத்தைக் கனமாகவும் முன்பாகத்தை மெல்லிய கூடாகவும் வார்த்து, வாலையும் பீடத்தோடு பொருத்தினார். இதற்குக் கணக்குச் சொன்னவர் கலிலியோ என்று ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. மாட்ரிட் அரண்மனைக்கு எதிரே அந்தச் சிலை இன்றும் பாய்ந்து நிற்கிறது. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் எழும்பி நிற்கும் கற்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு, நம் சிற்பிகள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது தெரியும். கல்லுக்கு இழுவிசையைத் தாங்கும் வலிமை குறைவு. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒடிந்துவிடும். ஆகவே குதிரையின் உடலைப் பின்னால் தூணோடு ஒட்டி, உயர்ந்த கால்களுக்குக் கீழே வீரர்களையும் விலங்குகளையும் செதுக்கி முட்டுக்கொடுத்தனர். பார்ப்பவருக்கு அது போர்க்காட்சி. சிற்பிக்கு அது முட்டுக்கட்டை.

நூலை அறுத்துக்கொண்டு ஓடிய குதிரை

நிற்காத குதிரையைப் பிடிக்கக் கருவி வேண்டியிருந்தது. முதலில் வந்த கருவி காமிரா அன்று, ரப்பர் பந்து! எட்டியன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் குதிரையின் ஒவ்வொரு குளம்புக்கும் அடியில் காற்றடைத்த ரப்பர்ப் பையைப் பொருத்தினார். குளம்பு தரையில் அழுந்தும்போது காற்று குழாய் வழியாக மேலேறி, குதிரைமேல் இருப்பவர் கையில் வைத்திருக்கும் கருவியின் முள்ளை அசைக்கும். முள், சுழலும் உருளையில் சுற்றிய புகைபடிந்த தாளில் கோடு கிழிக்கும். எந்தக் கால் எப்போது விழுந்தது, எவ்வளவு நேரம் ஊன்றியிருந்தது என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் பதிந்தன. 1873இல் அவர் வெளியிட்ட நூலில், குதிரை ஓடும்போது எல்லாக் கால்களும் தரையை விட்டிருக்கும் கணம் உண்டு என்பது தெளிவாகவே இருந்தது. ஆனால் கோட்டைப் பார்த்து நம்பக் கூடியவர் சிலர்தாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில்வே செல்வந்தருமான லீலண்ட் ஸ்டான்போர்டு இந்த ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்டார். (அவர் பெரும் பந்தயம் கட்டினார் என்ற கதை பல நூல்களில் இருக்கிறது, அதற்கு ஆதாரம் கிடையாது.) எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞரை அவர் 1872இல் அமர்த்தினார். இடையில் பல தடைகள். கடைசியில் 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில் இருந்த ஸ்டான்போர்டின் பண்ணையில் வேலை கைகூடியது. ஓடுபாதையின் ஒரு புறம் 12 காமிராக்கள் 27 அங்குல இடைவெளியில் வரிசையாக நின்றன. எதிர்ப்புறத்தில் வெண்திரை. பாதையின் குறுக்கே கட்டிய நூல்களை ஓடும் குதிரை அறுத்துக்கொண்டு செல்லச் செல்ல, அந்தந்தக் காமிராவின் மூடி திறந்து மூடும்.

ஜூன் 19 அன்று சாலி கார்டனர் என்ற பெண் குதிரை ஓடியது. அதன் வேகம் ஒரு மைலுக்கு 100 விநாடி, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர். காமிராவின் மூடி திறந்திருந்த நேரம் விநாடியில் 2000இல் ஒரு பங்கிற்கும் குறைவு என்று மைப்ரிட்ஜ் அச்சிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் குதிரை எவ்வளவு நகரும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 8 மில்லிமீட்டர். அதனால்தான் படம் கலங்கவில்லை. அடுத்தடுத்த படங்களுக்கு இடையே உள்ள நேரம் விநாடியில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்கு. படங்களைக் கழுவிப் பார்த்தபோது, கால்கள் வயிற்றின் கீழே கூடியிருந்த கணத்தில் குதிரை அந்தரத்தில் இருந்தது. நீட்டிய கால்களோடு பறக்கும் குதிரை எந்தப் படத்திலும் இல்லை. மாரே, மைப்ரிட்ஜ் இருவருமே 1830இல் பிறந்து 1904இல் இறந்தவர்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம். இருவரும் 1881இல் பாரிசில் நேரில் சந்தித்தனர்.

ஓவியர்களின் கலக்கம்

இந்தப் படங்கள் ஓவியர்களிடையே ஒரு கலக்கத்தை உண்டாக்கின. எர்னெஸ்ட் மெய்சோனியே என்ற பிரெஞ்சு ஓவியரின் கதையைக் கேளுங்கள். நெப்போலியனின் போர்க்களங்களை வரைந்து புகழ் பெற்றவர். குதிரையின் காலசைவைக் கண்டறிவதையே தவமாகக் கொண்டவர். தம் தோட்டத்தில் சிறு தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஓடும் வண்டியில் அமர்ந்து, பக்கத்தில் பாயும் குதிரையோடு தாமும் நகர்ந்துகொண்டே கவனித்து வரைந்தார். எவ்வளவு கூர்மையான யோசனை! குதிரையோடு நாமும் அதே வேகத்தில் போனால் அதன் உடல் நமக்கு நிலையாகத் தெரியும். கால்களை மட்டும் கவனிக்கலாம். சார்பு இயக்கம் என்று இயற்பியலில் படிப்பதும் இதுவே. ஆயினும் காமிரா கண்டதை அவர் கண் காணவில்லை. மைப்ரிட்ஜின் படங்கள் முதலில் அவருக்கு நம்ப முடியாதவையாக இருந்தன. பிறகு 1881இல் அந்த மைப்ரிட்ஜையே தம் இல்லத்திற்கு அழைத்து, கலைஞர்கள் பலரைக் கூட்டி, படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டச் செய்தார். பெருந்தன்மை என்பது இதுதான்.

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் இன்னும் ஒரு படி சென்றார். 1879-80இல் அவர் வரைந்த ஓவியம் ஒன்றில் நான்கு குதிரைகள் ஒரு வண்டியை இழுத்துச் செல்கின்றன. மைப்ரிட்ஜின் படங்களை ஆராய்ந்து, மெழுகில் குதிரை உருவங்களும் செய்து பார்த்து, பதினாறு கால்களையும் சரியான நிலையில் தீட்டினார். ஆனால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களை மட்டும், நம் கண்ணுக்குத் தெரிவதுபோல், கலங்கலாக விட்டுவிட்டார். விளைவு என்ன? சக்கரம் சுழல்கிறது, குதிரைகள் உறைந்து நிற்கின்றன! கால்கள் இருப்பது காமிராவின் நேரத்தில், சக்கரம் இருப்பது கண்ணின் நேரத்தில். ஒவ்வொரு காலும் சரி. ஆனாலும் வண்டி நகர மறுக்கிறது. இந்த ஓவியம் இன்று பிலடெல்பியாவில் இருக்கிறது. சரியான தகவலும் சரியான தோற்றமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சிற்பி ரோடின் 1911இல் வெளியான உரையாடல் நூலில் ஜெரிக்கோவுக்காக வாதாடினார். ஜெரிக்கோவின் குதிரையை நாம் பின்னிருந்து முன்னாகப் பார்க்கிறோம்: பின்னங்கால்கள் உந்தி முடித்த கணம், பிறகு உடல் நீளும் கணம், பிறகு முன்னங்கால்கள் தரையைத் தேடும் கணம். வெவ்வேறு கணங்கள் ஒரே உடலில் சேர்ந்திருப்பதால் நமக்கு ஓட்டம் தெரிகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். உண்மையில் காலம் நிற்பதில்லை. ஆகவே காலத்தை நிறுத்தும் புகைப்படமே பொய் என்றும் அவர் கருதினார். இதை நான் முழுதும் ஏற்க மாட்டேன். புகைப்படம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொன்னது. 'இந்தக் கணத்தில் கால் எங்கே?' என்பது அந்தக் கேள்வி. 'ஓட்டம் எப்படி இருக்கிறது?' என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

எந்தக் கணத்தை வரைவது?

டிரசாஜ் குதிரையை வரைபவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கிறது. 'டிராட்' என்ற ஓட்டத்தில் குதிரை தன் கால்களைக் குறுக்குச் சோடிகளாக எடுத்து வைக்கும்: இட முன்னங்காலும் வலப் பின்னங்காலும் ஒரு சோடி, மற்றவை இன்னொரு சோடி. அந்த ஓட்டத்தையே மெதுவாக்கி, உயர்த்தி, ஒவ்வோர் அடியிலும் தயங்கி மிதப்பதுபோல் செல்வது 'பாசாஜ்'. இடம் பெயராமல் நின்ற இடத்திலேயே அப்படி அடி வைப்பது 'பியாஃப்'. இரண்டிலும் ஒரு சுற்று முடிய ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. பந்தயப் பாய்ச்சலைப்போல் இரண்டு மடங்கிற்கும் அதிக நேரம்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும்போது அதன் வேகம் மிக அதிகம். இரு கோடிகளிலும் வேகம் சுழியாகி, ஒரு கணம் நின்று திரும்புகிறது. ஊஞ்சலாடும் பிள்ளையின் முகத்தைக் கோடியில் இருக்கும்போதுதான் நன்றாகப் பார்க்க முடியும். பாசாஜில் உயரும் காலும் அப்படித்தான். மேலே சென்று, நின்று, இறங்குகிறது. அந்த உச்சியில் நம் கண்ணுக்கு அதிக நேரம் கிடைக்கிறது. நினைவிலும் அதுவே தங்குகிறது. ஓவியர் அந்த உச்சிக் கணத்தை வரைந்தால் காமிராவும் ஒப்புக்கொள்ளும், கண்ணும் ஒப்புக்கொள்ளும். ஜெரிக்கோவுக்குப் பாய்ச்சலில் கிடைக்காத இந்த வாய்ப்பு டிரசாஜில் ஒவ்வோர் அடியிலும் கிடைக்கிறது.

எனினும் உயர்ந்த காலை மட்டும் வரைந்தால் போதாது. ஒரே ஒரு கணத்தைப் பார்த்து, குதிரை முன்னேறுகிறதா, நின்ற இடத்தில் அடி வைக்கிறதா என்று சொல்வது கடினம். அதற்கு ஓவியர் ஊன்றிய கால்களைப் பார்க்க வேண்டும். விரைந்து செல்லும் டிராட்டில் அவை சாய்வாக இருக்கும். பியாஃபில் முன்னங்கால் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும், பின்னங்கால் மூட்டுகள் மடங்கி இடுப்பு தாழ்ந்திருக்கும். தூக்கிய குளம்பின் நிழல் குளம்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் முக்கியம். உயரத்தைக் கண்ணுக்குச் சொல்வது அந்த இடைவெளிதான். நிழலை மறந்தால் மிக அழகாக வரைந்த பாசாஜ் குதிரையும் தரையில் ஒட்டிக்கொண்டுவிடும்.

விரைவுக் காமிராக்கள் இங்கும் ஒரு வியப்பை வைத்திருந்தன. குறுக்குச் சோடியின் இரண்டு குளம்புகளும் ஒரே நேரத்தில் விழுகின்றன என்றுதான் நெடுங்காலம் நம்பினர். தேர்ந்த டிரசாஜ் குதிரைகளைப் படமெடுத்து அளந்தபோது, பின்னங் குளம்பு முன்னங் குளம்புக்கு விநாடியில் நூறில் சில பங்கு முந்தித் தரையைத் தொடுவது தெரிந்தது. முன்பாகத்தை இலேசாக்கிப் பாரத்தைப் பின்னால் வாங்கும் குதிரையின் அடையாளம் அது. மேலும், மிதப்பதுபோல் தோன்றும் பியாஃபில் நான்கு கால்களும் தரையை விட்டிருக்கும் கணம் பெரும்பாலும் இல்லவே இல்லை. ஏதாவது ஒரு குளம்பு தரையில் இருக்கிறது.

நடக்கும் குதிரை

மெதுவாக நடக்கும் குதிரையை வரைவதில் தவறே வராது என்று இதுவரை படித்தவர்கள் எண்ணக்கூடும். கண்ணுக்கு வேண்டிய நேரம் இருக்கிறதே! ஹங்கேரி நாட்டின் காபோர் ஹோர்வாத் என்ற இயற்பியல் அறிஞரும் அவர் குழுவினரும், நான்கு கால் விலங்குகள் செல்வதைக் காட்டும் ஆயிரம் ஓவியங்களையும் சிலைகளையும் எடுத்து, கால் வைப்பைச் சரிபார்த்தனர். 2012இல் வெளியான முடிவுகள் இவை: மைப்ரிட்ஜுக்கு முந்தைய வரலாற்றுக் கால ஓவியர்கள் செய்த தவறு 83.5 விழுக்காடு, அவருக்குப் பிந்தியவர்கள் செய்தது 57.9 விழுக்காடு. காமிராவால் பலன் இருந்திருக்கிறது. ஆனால் எல்லாரையும்விடக் குறைவாகத் தவறியவர்கள் குகைகளில் வரைந்த கற்கால மனிதர்கள். அவர்கள் செய்த தவறு 46.2 விழுக்காடு.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒன்றையுமே கவனிக்காமல், சீட்டுக் குலுக்கிப்போட்டுக் கால்களை வரைந்தாலும் தவறு 73.3 விழுக்காடுதான் வரும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அதாவது வரலாற்றுக் கால ஓவியர்கள் குலுக்கல் சீட்டிடமும் தோற்றிருக்கிறார்கள்! குருட்டுத்தனமாக வரைந்தால் இவ்வளவு தவறு வராது; ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தால்தான் வரும். குகை மனிதனுக்குப் பார்த்து எழுத ஓவியப் பள்ளி இல்லை. விலங்கைப் பார்த்தான், அது எப்படி அடி வைக்கிறது என்று தெரியாதவனுக்கு வேட்டை கிடைக்காது.

நீங்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். குதிரை வேண்டியதில்லை, தெருவில் நடந்துபோகும் மாடு போதும், நாயும் ஆகும். நடையில் இவற்றின் அடி வரிசை ஒன்றே: இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால். மாட்டின் ஒரு பக்கத்துப் பின்னங்காலை மட்டும் பாருங்கள். அது முன்னேறி வந்து தரையில் பதியப்போகும்போது, அதே பக்கத்து முன்னங்கால் அதற்கு இடம் விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்தில் அந்தப் பக்கத்து இரண்டு கால்களும் கீழே நெருங்கி, எதிர்ப்பக்கத்துக் கால்கள் விலகியிருக்கும். கைபேசியில் மெது இயக்கக் காணொளியாக எடுத்தால் ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்க்கலாம். மைப்ரிட்ஜுக்கு 12 காமிராக்கள் தேவைப்பட்டன, உங்களுக்கு ஒன்று போதும். பிறகு உங்கள் பாடநூலில், நாட்காட்டியில், ஊர்ச் சதுக்கத்துச் சிலையில் நடக்கும் விலங்குகளின் கால்களைப் பாருங்கள். ஒரே பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்தாற்போல் முன்னே செல்லும் குதிரைகளும் மாடுகளும் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.